பாலூட்டிகளின் நோயெதிர்ப்பு மரபணுக்கள்: ஒப்பிட எந்தக் குடும்பத்தை எடுப்பது?

"பாலூட்டிகளில் நோயெதிர்ப்பு மரபணுக்களின் பரிணாமம்" என்று எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி.யின் முதல் அத்தியாயத்துக்கோ தலைப்புக் கொடுத்துவிடுவது எளிது. எந்த மரபணுக்கள் என்று வழிகாட்டி கேட்கும்போதுதான் பலரும் திணறுகிறார்கள். கையில் இருப்பது ஒரு கணினியும், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஜீனோம்களும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வசதியில்லை, காலமும் அதிகமில்லை. இந்த நிலையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமியை முதலில் அடையாளம் காணும் உணரி மரபணுக்களை எடுங்கள், அதாவது டி.எல்.ஆர். குடும்பமும், அதோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய ஸ்டிங், எம்.டி.ஏ.5 போன்றவையும். கேள்வி வைரஸுக்கும் உடலுக்குமான போட்டியைப் பற்றியது என்றால், வைரஸைத் தடுக்கும் ட்ரிம்5 மரபணுவை எடுக்கலாம். எம்.எச்.சி. பக்கம் போக வேண்டாம். இந்தத் துறையில் "இந்த விலங்குக்கு இந்த மரபணு இல்லை" என்பது ஒன்று, "இந்த ஜீனோம் கோப்பில் இந்த மரபணு இல்லை" என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் பிரித்தறிய வழியுள்ள குடும்பத்தைத்தான் தனி ஆள் கையிலெடுக்க முடியும்.

கோப்பில் என்ன இருக்கிறது

சுண்டெலியின் ஜீனோம் 2002 டிசம்பரில் வெளியானது. 2005இல் நாய், 2009இல் மாடும் குதிரையும், 2012இல் பன்றி என்று வரிசை நீண்டது. இன்று ஸூனோமியா என்ற திட்டத்தின் ஒப்பீட்டில் மட்டும் 240 பாலூட்டி இனங்கள் இருக்கின்றன. இந்த எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு, 240 இனத்திலும் எல்லா நோயெதிர்ப்பு மரபணுக்களையும் எண்ணிவிடலாம் என்று இறங்குகிறவர்கள் உண்டு.

அந்த ஜீனோம்களில் பலவும் குறுகிய ரீட்களைக் கோத்து உருவாக்கியவை; இப்படிக் கோத்துக் கிடைப்பதைத்தான் அசெம்ப்ளி என்பார்கள். ரீட் என்பது சீக்வென்சர் ஒரே வீச்சில் படித்துத் தரும் துண்டு. குறுகிய ரீட் என்றால் சில நூறு எழுத்துகள், அவ்வளவுதான். ஒரு பாட்டை எழுதிய தாளைச் சின்னச்சின்னத் துண்டுகளாகக் கிழித்து, துண்டுகளை வைத்து மறுபடி பாட்டை எழுதச் சொன்னால் சரணங்களைக் கோத்துவிடலாம். பல்லவி எத்தனை முறை வந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி எட்டு மரபணுக்கள் இருந்தால், குறுகிய ரீட் அசெம்ப்ளியில் அவை மூன்றாகச் சுருங்கலாம். அல்லது நடுவில் ஓர் இடைவெளி விழுந்து, பாதி மரபணு காணாமல் போகலாம்.

நோயெதிர்ப்பு மரபணுக்களுக்கு இது மற்றவற்றைவிட அதிகமாகவே நேர்கிறது. இரட்டிப்பாகி, பிறகு கொஞ்சம் மாறி, மறுபடி இரட்டிப்பாவதுதான் இந்தக் குடும்பங்களில் பல வளர்ந்த முறை. ஆக, ஒரு குடும்பம் உயிரியல் ரீதியாக எவ்வளவு சுவாரஸ்யமானதோ, அவ்வளவுக்கு அதன் அசெம்ப்ளியும் மோசமாக இருக்க வாய்ப்புண்டு.

எம்.எச்.சி.: எல்லோரும் முதலில் கேட்பது

நோயெதிர்ப்பு மரபணு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எம்.எச்.சி. செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டி, டி செல்லுக்கு அடையாளம் சொல்லும் மூலக்கூறுகள் இவை. மனிதரில் 6ஆம் குரோமோசோமில் இருக்கின்றன, எச்.எல்.ஏ. என்பது மனித எம்.எச்.சி.யின் பெயர். 1999இல் இந்தப் பகுதியின் முழு வரிசை வெளியானபோது, சுமார் 36 லட்சம் எழுத்துகளுக்குள் 224 மரபணு இடங்கள் கணக்கிடப்பட்டன. எச்.எல்.ஏ. தரவுத்தளத்தில் இன்று பதிவாகியிருக்கும் அலீல்கள், அதாவது ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள், 35,000க்கும் மேல். புரதத் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும் பள்ளத்தில் மட்டும் அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்கள் குவிந்திருப்பதை ஹியூஸும் நெய்யும் 1988இல் காட்டினார்கள். மூலக்கூறு மட்டத்தில் இயற்கைத் தேர்வு வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அன்றைக்கு இல்லை. இவ்வளவு வளமான விஷயத்தை ஏன் விடச் சொல்கிறேன்?

முதலாவது, பெயர் பார்த்து இணை சேர்க்க முடியாது. மனிதரின் ஏ, பி, சி என்ற முதல் வகுப்பு மரபணுக்களும் சுண்டெலியின் கே, டி, எல் மரபணுக்களும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் இது அதற்கு இணை என்று ஒன்றுக்கொன்று கோடு போட முடியாது. இரு வம்சங்களிலும் அவை தனித்தனியாகப் பெருகியவை. ரீசஸ் குரங்கு நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவு! அதற்கே சி மரபணு கிடையாது. ஏ, பி இரண்டும் பல பிரதிகளாகப் பெருகியிருக்கின்றன.

இரண்டாவது, ஒரே இனத்துக்குள்ளேயே எண்ணிக்கை மாறும். மனிதரில் டிஆர்பி1 என்ற எம்.எச்.சி. மரபணு எல்லோருக்கும் உண்டு. அதோடு சில குரோமோசோம்களில் டிஆர்பி3, சிலவற்றில் டிஆர்பி4, சிலவற்றில் டிஆர்பி5 இருக்கும். இவற்றில் எதுவுமே இல்லாத குரோமோசோம்களும் உண்டு. மாட்டின் முதல் வகுப்பு மரபணுக்களும் இப்படித்தான், விலங்குக்கு விலங்கு எண்ணிக்கை மாறும். ஓர் இனத்தின் ஜீனோம் கோப்பு பெரும்பாலும் ஒரே ஒரு விலங்கிலிருந்து வந்தது. மாட்டுக்கு இத்தனை என்று அட்டவணையில் எழுதினால், உண்மையில் நீங்கள் எழுதியது ஒரு தனி மாட்டின் கணக்கு.

மூன்றாவதுதான் எனக்குத் தீர்மானமான காரணம். இங்கே அலீல்கள் இனத்தைவிடப் பழையவை. ஒருவரின் அலீல் ஒன்று, இன்னொரு மனிதரின் அலீலைவிடச் சிம்பன்சியின் அலீல் ஒன்றுக்கு நெருக்கமாக இருக்கலாம். மரபணு மரத்தை வரைந்தால் இனங்கள் கலைந்து கிடக்கும். அது பிழையில்லை, எம்.எச்.சி.யின் இயல்பே அப்படி. ஆனால் மரத்தின் கிளைகளை வைத்துத் தேர்வழுத்தத்தை, அதாவது இயற்கைத் தேர்வின் அழுத்தத்தை, கணக்கிடும் மென்பொருள், வரிசை இனங்கள் பிரிந்தபடியே பிரிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அதோடு மரபணுக்களுக்குள் துண்டுகளும் இடம் மாறியிருக்கும். வரும் விடை அழகாக இருக்கும். அதை நம்ப முடியாது.

ஓர் இனத்தில் பல விலங்குகளின் மாதிரி கிடைத்தால் எம்.எச்.சி.யைப் போல் பயன்படுவது வேறில்லை. சிவிங்கிப்புலிகளில் (சீட்டா) உறவில்லாத விலங்குகளுக்கிடையே ஒட்டிய தோலை உடல் நிராகரிக்கவில்லை என்று 1985இல் வெளியான ஆய்வு, அந்த இனம் எவ்வளவு பரம்பரை வேற்றுமையை இழந்திருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியது. அது இனத்துக்குள்ளான கேள்வி. இனங்களுக்கிடையேயான கேள்விக்கு அதே கருவி ஒத்துவராது.

என்.கே. செல் ஏற்பிகள்: ஆசை காட்டுவது

இயற்கைக் கொல்லி செல் எனப்படும் என்.கே. செல்கள், மற்ற செல்களில் எம்.எச்.சி. சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். அதற்கு மனிதர் பயன்படுத்துவது 19ஆம் குரோமோசோமில் உள்ள கிர் குடும்பம். சுண்டெலி பயன்படுத்துவது எல்ஒய்49 குடும்பம். இவை இரண்டும் வடிவத்தில் சம்பந்தமே இல்லாதவை: ஒன்று ஆன்டிபாடி வகை மடிப்பு, மற்றது லெக்டின் வகை மடிப்பு. மனிதரிடம் எல்ஒய்49 ஒரு சிதைந்த மரபணுவாக மட்டும் எஞ்சியிருக்கிறது. மாட்டில் கிர் பெருகியிருக்கிறது, குதிரையில் எல்ஒய்49. சீல்களிலும் கடற்சிங்கங்களிலும் இரண்டுமே ஒவ்வொன்றுதான். ஒரே வேலைக்கு இருவேறு கருவிகள் தனித்தனியாக உருவான கதை பாலூட்டி உலகத்திலேயே இதைப் போல் அதிகமில்லை.

ஆனால் சுண்டெலியின் உட்குலங்களையே பாருங்கள். பி6 என்று எல்லோரும் சொல்லும் குலத்தில் எல்ஒய்49 மரபணுக்கள் 15, பால்ப்/சி குலத்தில் 8, 129 குலத்தில் 19. இந்த வேறுபாட்டுக்கு உடலில் நேரடி விளைவு உண்டு: பி6 எலியிடம் இருக்கும் எல்ஒய்49எச் என்ற ஏற்பி, எலி சைட்டோமெகலோ வைரஸின் எம்157 புரதத்தை நேரே பிடித்துக்கொள்கிறது, அது இல்லாத பால்ப்/சி எலி அதே வைரஸிடம் எளிதில் வீழ்கிறது. ஒரே இனத்தின் ஆய்வக எலிகளுக்குள் இவ்வளவு என்றால், குறுகிய ரீட் அசெம்ப்ளியில் ஒரு காட்டு விலங்கின் எண்ணிக்கையை எடுத்து எழுதத் துணியக் கூடாது. உங்கள் ஆய்வகத்தில் நீண்ட ரீட் சீக்வென்சிங் செய்ய முடியும், ஒன்றிரண்டு இனங்கள் போதும் என்றால் தயங்காமல் இதை எடுங்கள். உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டு. வெறும் கணினி மட்டும் என்றால் வேண்டாம்.

ஆன்டிபாடி மரபணுக்களுக்கும் இதே தீர்ப்புதான். ஒட்டகத்தின் ஆன்டிபாடிகளில் ஒரு பகுதிக்கு லேசான சங்கிலியே இல்லை என்று 1993இல் கண்டுபிடித்ததும், மாட்டின் சில ஆன்டிபாடிகளில் ஐம்பது, அறுபது அமினோ அமிலம் நீளும் வளையம் இருப்பதும் மனத்தை இழுக்கும். ஆனால் ஆன்டிபாடி மரபணுக்கள் அமையும் வி, டி, ஜே என்ற குட்டித் துண்டுகளை ஜீனோமில் தேடிப் பிடித்துப் பெயரிடுவதே தனித் தொழில், அதற்கென்றே ஐ.எம்.ஜி.டி. என்ற அமைப்பு 1989லிருந்து இயங்குகிறது.

உணரி மரபணுக்கள்: ஏன் இவற்றைச் சொல்கிறேன்

டி.எல்.ஆர். என்பவை கிருமிகளுக்கே உரிய மூலக்கூறுகளை, அதாவது பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பு, சாட்டையிழைப் புரதம், வைரஸின் ஆர்.என்.ஏ. ஆகியவற்றை அறியும் ஏற்பிகள். மனிதரில் வேலை செய்பவை 10. சுண்டெலியில் 12: 1 முதல் 9 வரையும், 11, 12, 13உம். மனிதரின் டி.எல்.ஆர்.11 சிதைந்துவிட்டது, சுண்டெலியில் அது டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் புரோஃபிலின் புரதத்தை அறிகிறது. சுண்டெலியின் டி.எல்.ஆர்.10 ஒரு ரெட்ரோவைரஸ் வந்து நுழைந்ததால் உடைந்தது.

ஒப்பீட்டுக்கு இவை தரும் வசதி மூன்று. பெரும்பாலும் ஓர் இனத்துக்கு ஒரு பிரதி. இனத்துக்கு இனம் இணை சேர்ப்பதில் குழப்பம் குறைவு. பலவற்றில் புரதக் குறியீடு ஏறக்குறைய முழுவதும் ஒரே எக்ஸானில், அதாவது மரபணுவின் ஒரே தொடர் துண்டில், அடங்குவதால், சுமாரான அசெம்ப்ளியில்கூட முழுதாகக் கிடைக்கும். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டி.எல்.ஆர்.1, 6, 10 மூன்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள். 1க்கும் 6க்கும் இடையே வரிசை பரிமாறிக்கொள்ளும். அவற்றுக்குத் தேர்வழுத்தம் கணக்கிடும் முன் ஹைஃபை என்ற மென்பொருளில் உள்ள மறுசேர்க்கைச் சோதனையை ஓட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய வசதி, இழப்பை உறுதிசெய்ய முடிவது. அதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு உணரி குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. எம்எக்ஸ் என்ற வைரஸ் எதிர்ப்பு மரபணுவினுடையது. பல்லுள்ள திமிங்கிலங்களில் எம்எக்ஸ்1, எம்எக்ஸ்2 இரண்டுமே செயலிழந்துவிட்டன என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. டால்பினின் ஜீனோமை மட்டும் பார்த்திருந்தால், சீக்வென்சிங் பிழை என்று ஒதுக்கிவிடலாம். டால்பினிலும் ஓர்க்காவிலும் ஸ்பெர்ம் திமிங்கிலத்திலும் மரபணு உடைந்திருக்கிறது. பல்லில்லாத பலீன் திமிங்கிலங்களில் நன்றாக இருக்கிறது. தனித்தனி விலங்குகள், தனித்தனி அசெம்ப்ளிகள். ஒரே பிழை எல்லாவற்றிலும் தற்செயலாக வராது. பலீன் திமிங்கிலங்களிலிருந்து பிரிந்த பிறகு, பல்லுள்ளவற்றின் பொது மூதாதையிலேயே இழப்பு நடந்திருக்கிறது என்று நிமிர்ந்து சொல்ல முடிகிறது.

அலங்குகளில் (எறும்புத்தின்னி) எம்.டி.ஏ.5 செயலிழந்திருப்பதையும் 2020இல் இதே தர்க்கத்தால்தான் காட்டினார்கள். எம்.டி.ஏ.5 வைரஸ் ஆர்.என்.ஏ.வை அறியும் உணரி. கொரோனா வைரஸ்கள் செல்லுக்குள் நுழைந்ததும் எச்சரிக்கை மணி அடிப்பவற்றில் அது ஒன்று. அலங்குகளிடம் டி.என்.ஏ.வை அறியும் சிகாஸ், ஸ்டிங் இரண்டும்கூட வேலை செய்வதில்லை. ஆய்வகத்தில் ஒரு துளி திரவம் தொடாமல், பொதுக் கோப்புகளைக் கவனமாகப் படித்தே இவ்வளவையும் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. கணினி மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள் இதைக் கண்டு தைரியம் கொள்ளலாம்.

ஆனால் மரபணு இருப்பதும், இணையாக இருப்பதும், ஒரே மாதிரி வேலை செய்வதற்கு உத்தரவாதமில்லை. டி.எல்.ஆர்.4 மனிதரிலும் உண்டு, சுண்டெலியிலும் உண்டு, குதிரையிலும் உண்டு. எல்லாவற்றிலும் ஒற்றைப் பிரதி. அது அறிவது பாக்டீரியாவின் வெளிச்சுவர்க் கொழுப்பான லிப்பிட் ஏயை. அதில் வழக்கமாக ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இருக்கும். நான்கே சங்கிலி கொண்ட லிப்பிட் 4ஏ என்ற மூலக்கூறைக் கொடுத்தால், சுண்டெலியிலும் குதிரையிலும் அது ஏற்பியைத் தூண்டுகிறது. மனிதரில் அதே மூலக்கூறு ஏற்பியை அடைத்துக்கொண்டு தடுக்கிறது. பிளேக் பாக்டீரியா 37 டிகிரி உடல் வெப்பத்தில் நான்கு சங்கிலி வடிவத்தைத்தான் அதிகம் செய்கிறது, மனித டி.எல்.ஆர்.4இன் கண்ணுக்கு அது சரியாகப் படுவதில்லை. டி.எல்.ஆர்.4 எல்லா இனங்களிலும் இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இவ்வளவும் நழுவிப் போகும். ஆகவே மரபணுவின் இருப்பைப் பற்றிய முடிவையும் அதன் வேலையைப் பற்றிய ஊகத்தையும் ஆய்வேட்டில் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

ட்ரிம்5: கேள்வி கூர்மையாக இருந்தால்

மரபணு உண்டா இல்லையா என்பதைவிட, வைரஸோடு போட்டி போட்டு எங்கே மாறியது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் ட்ரிம்5 சிறந்த தேர்வு. ரீசஸ் குரங்கின் ட்ரிம்5 ஆல்ஃபா புரதம் எச்.ஐ.வி.-1ஐ செல்லுக்குள் நுழைந்தவுடனே மடக்குகிறது என்று 2004இல் தெரிந்தது. நம்முடையது அதைச் சரியாகச் செய்வதில்லை. அடுத்த ஆண்டே, பிரைமேட்டுகளின் வரிசைகளை ஒப்பிட்டவர்கள் அந்தப் புரதத்தின் ஸ்ப்ரை பகுதியில் 13 அமினோ அமிலம் கொண்ட சிறு திட்டில் மாற்றங்கள் குவிந்திருப்பதைக் கண்டார்கள். மனித ட்ரிம்5இல் 332ஆம் இடத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் திறன் கூடுகிறது. கணினி சுட்டிக்காட்டிய இடமும் ஆய்வகம் சுட்டிக்காட்டிய இடமும் ஒன்றாக அமைந்தன.

இதை எடுத்தால் பிரைமேட்டுகளுக்குள்ளேயே நில்லுங்கள். நாயில் ட்ரிம்5 செயலிழந்துவிட்டது. மாட்டிலும் சுண்டெலியிலும் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. வைரஸின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் அபோபெக்3 குடும்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சுண்டெலியில் ஒன்று, மனிதரில் ஏழு, சில பழந்தின்னி வௌவால்களில் அதைவிடவும் அதிகம்.

இனங்களைத் தேர்வது

டிஎன்/டிஎஸ், அதாவது அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்குமான விகிதம், கணக்கிடுவதாக இருந்தால் மரத்தை நெருங்கிய ஒரு குழுவுக்குள் அடக்குங்கள்: பிரைமேட்டுகள், அல்லது வௌவால்கள், அல்லது திமிங்கிலங்களும் அவற்றின் நெருங்கிய உறவான நீர்யானை, மாட்டினங்களும். பைப்பாலூட்டிகளை உள்ளே கொண்டுவராதீர்கள். நமக்கும் அவற்றுக்கும் பிரிவு 16 கோடி ஆண்டுகள் அளவில் பழையது. அமினோ அமிலத்தை மாற்றாத இடங்களில் அதற்குள் மாற்றத்தின் மேல் மாற்றம் விழுந்து கணக்குக் குழம்பிவிடும். இழப்பைத் தேடும் ஆய்வுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, விரிந்த மரம் நல்லதே.

வௌவால் என்றோ திமிங்கிலம் என்றோ ஓர் இனத்தை வைத்து முழுக் குழுவையும் பேசாதீர்கள். கருப்புப் பழந்தின்னி வௌவாலில், வைரஸ் வந்ததை மற்ற செல்களுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவின் மரபணுக்கள் மூன்றே, மனிதரில் 13. இது 2016இல் வெளியானபோது, வௌவால்கள் இன்டர்ஃபெரானைச் சுருக்கிக்கொண்டவை என்று ஒரு பொதுச் சித்திரம் எழுந்தது. இரண்டே ஆண்டில் எகிப்தியப் பழந்தின்னி வௌவாலின் நல்ல ஜீனோம் வந்தது. அதில் இதே வகை இன்டர்ஃபெரான் குடும்பம் பெருகிக் கிடந்தது. இரண்டும் பழந்தின்னிகள், ஒரே குடும்பம். ஒரு குழுவைப் பற்றி வாய் திறக்கும் முன் குறைந்தது மூன்று நான்கு இனங்களாவது, நீண்ட ரீட் அசெம்ப்ளிகளாகப் பார்த்து எடுங்கள். வௌவால்களுக்கு 2020இலேயே அப்படி ஆறு தரமான ஜீனோம்கள் வந்துவிட்டன.

கருவி

என்செம்பிள், என்.சி.பி.ஐ. என்ற தரவுத்தளங்கள் தரும் ஆயத்த ஆர்த்தோலாக் (இனங்களுக்கிடையேயான இணை மரபணு) பட்டியல் தொடங்குவதற்கு நல்லது, முடிவெடுப்பதற்கு அல்ல. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மரபணு இல்லை என்று பொருளில்லை; தானியங்கிக் குறிப்பு அதைத் தவறவிட்டிருக்கலாம். இரு இனங்களின் வரிசைகளையும் ஒன்றில் மற்றதாகத் தேடும் இருபக்க பிளாஸ்ட் விரைவானது, ஆனால் இரட்டிப்பான குடும்பத்தில் தவறான இணையைக் காட்டிவிடும். இழப்புதான் கேள்வி என்றால் டோகா என்ற மென்பொருள் என் தேர்வு. ஜீனோம்களை முழுதாக ஒன்றோடொன்று அடுக்கி, மரபணு இருக்க வேண்டிய இடத்தை அக்கம்பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்து, அங்கே அது முழுதாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, அல்லது அசெம்ப்ளியிலேயே ஓட்டையா என்று பிரித்துச் சொல்கிறது. 2023இல் வெளியான அதன் கட்டுரை 488 நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளுக்கு இதைச் செய்து வைத்திருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் அட்டவணையையும் அதே மாதிரி அமையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "இருக்கிறது", "உடைந்திருக்கிறது", "இந்த அசெம்ப்ளியில் தெரியவில்லை" என்ற மூன்றில் ஒன்று. சுண்டெலியின் டி.எல்.ஆர்.10க்கு நேரே இரண்டாவதை எழுதலாம்: இடம் தெரியும், அங்கே புகுந்த ரெட்ரோவைரஸ் தெரியும், நெருங்கிய உறவான பெரிய எலியில் (ரேட்) அந்த மரபணு முழுதாக இருப்பதும் தெரியும். இத்தகைய ஆதாரம் கைக்குக் கிடைக்காத வரை மூன்றாவதையே எழுதிவிட்டு, மூல ரீட்களை இறக்கிப் பாருங்கள்.